ஒன்பது வோல்ட்டின் கதை

மின்கிட்டார் பழகும் மாணவர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கிட்டாரில் பழுதில்லை, ஒலிபெருக்கியில் பழுதில்லை, புதிதாக வாங்கிய டிஜிட்டல் பெடலிலும் பழுதில்லை. ஆனால் மூன்றையும் இணைத்தவுடன் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் எழுகிறதே, ஏன்?" பெரும்பாலும் குற்றம் இம்மூன்றிலும் இல்லை. சுவரோரம் ஒருவரும் கவனியாமல் கிடக்கும் சிறிய அடாப்டரே அதற்குக் காரணம். அதன் வரலாற்றை அறிந்துகொண்டால், நல்லதொன்றைத் தேர்ந்தெடுக்கும் வழியும் தானே விளங்கும்.

பெடல் என்பது கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே வைத்துக் காலால் இயக்கும் ஒரு சிறு பெட்டி. ஒலியைக் கரகரப்பாக்குதல், எதிரொலி சேர்த்தல் போன்றவை அதன் வேலைகள்.

வால்வுக் காலம்

ஜார்ஜ் பீச்சாம்ப், அடால்ஃப் ரிக்கன்பாக்கர் ஆகியோர் அமெரிக்காவில் உருவாக்கிய மின்கிட்டார் 1932இல் விற்பனைக்கு வந்தது. எஃகுக் கம்பி அதிரும்போது, அதன் அருகே காந்தத்தோடு பொருத்திய கம்பிச் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஃபாரடேயின் விதியே இங்கு வேலை செய்கிறது. ஆனால் கிடைக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது. ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. இதை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்கியாக வேண்டும். பெருக்கும்போது நாம் விரும்பும் இசையோடு விரும்பாத இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

அக்காலத்து வால்வுப் பெருக்கிகளுக்கு வீட்டு மின்சாரமே உணவு. மாறுதிசை மின்னோட்டத்தை மின்மாற்றி வழியாகச் செலுத்தி, திருத்தி வால்வால் ஒருதிசையாக்கி, மின்தேக்கியில் சேமித்துக் கொடுத்தார்கள். முழு அலைத் திருத்தியிலிருந்து மின்னோட்டம் துடிப்புத் துடிப்பாகவே வெளிவரும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் நொடிக்கு 120 துடிப்புகள். 50 ஹெர்ட்ஸ் உள்ள நம் நாட்டில் 100 துடிப்புகள். மின்தேக்கி இத்துடிப்புகளைச் சமன் செய்கிறது, முற்றிலும் அழிப்பதில்லை. எஞ்சி நிற்கும் ஏற்றத்தாழ்வைச் 'சிற்றலை' என்பர். நம் காதில் விழும் 'ம்ம்ம்' பெரும்பாலும் இதுவே.

பாட்டரி தந்த அமைதி

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றை ஒலிப்பதிவு செய்தபோது, ஒலிக்கலப்புக் கருவியில் நேர்ந்த பழுதினால் ஒரு கருவியின் இசை கரகரப்பாகப் பதிவாயிற்று. 1961இல் வெளியான அப்பாட்டின் கரகரப்பு பலருக்கும் பிடித்துப்போயிற்று. ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னோடி அதே ஒலியை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டுமென்றே உண்டாக்கும் சுற்று ஒன்றை அமைத்தார். கிப்சன் நிறுவனம் அதை 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்னும் பெடலாக விற்றது. அதற்கு வேண்டியவை இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்கள் மட்டுமே.

பின்னர் டிரான்சிஸ்டர் வானொலிகளுக்கென வந்த 9 வோல்ட் பாட்டரி பெடல்களுக்கும் பொதுவாயிற்று. 1966இல் லண்டனில் வெளியான 'ஃபஸ் ஃபேஸ்' பெடல் அதனால்தான் இயங்கியது. பாட்டரியில் துடிப்பு இல்லை, சிற்றலையும் இல்லை. வேதிவினையால் பிறக்கும் மின்சாரம் அமைதியானது. மேலும் ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனிப் பாட்டரி இருந்ததால், ஒன்றின் தொல்லை மற்றொன்றுக்குப் போகவில்லை. இந்த இரண்டாவது நன்மையின் அருமையை அன்று எவரும் உணரவில்லை.

அடாப்டரின் வரவு

ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1977இல் கையடக்கமான மூன்று பெடல்களை வெளியிட்டது. நாளடைவில் கலைஞர்கள் ஐந்து, பத்து பெடல்களை வரிசையாக வைத்து வாசிக்கலாயினர். பாட்டரி வாங்கி மாளவில்லை. ஆகவே அடாப்டரின் துணையை நாடினர்.

அன்றைய எளிய அடாப்டரில் மின்மாற்றி, டயோடு, மின்தேக்கி ஆகிய மூன்றுமே இருந்தன. அது போதுமா என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். சிற்றலையின் அளவு ஏறத்தாழ, மின்னோட்டத்தைத் துடிப்பெண்ணாலும் மின்தேக்குத் திறனாலும் வகுத்தால் கிடைப்பது. மின்தேக்கி 1000 மைக்ரோ ஃபாரட் என்க. பெடல் 5 மில்லி ஆம்பியர் இழுத்தால் சிற்றலை 0.05 வோல்ட். 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் 1 வோல்ட்! கிட்டார் தரும் மின்னழுத்தத்தைவிட இது பத்து மடங்கு.

இதற்கு மருந்து மின்னழுத்த நிலைப்படுத்தி. 723 என்னும் நிலைப்படுத்திச் சில்லு 1967இல் வந்தது. மூன்றே கால்கள் கொண்ட, 5 வோல்ட் தரும் எல்.எம். 309 சில்லு 1969இல் வந்தது. மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் இத்தகைய சில்லு வெளியே ஒரே அளவைத் தருகிறது. நிலைப்படுத்தி இல்லாத அடாப்டரோ, மேலே 9 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும், சுமை குறைந்த நேரத்தில் 12 வோல்ட்டுக்கு மேலும் தரக்கூடும்.

டிஜிட்டலின் பசி

1983இல் பாஸ் நிறுவனம் டி.டி-2 என்னும் சிறிய டிஜிட்டல் எதிரொலிப் பெடலை வெளியிட்டது. ஒலியை எண்களாக மாற்றி, நினைவகத்தில் வைத்து, 800 மில்லி நொடி வரை தாமதித்துத் திருப்பித் தந்தது அது. அன்று தொடங்கிய மாற்றம் மின்வழங்கியின் இலக்கணத்தையே மாற்றிவிட்டது.

முதலாவது, பசி. பழைய கரகரப்புப் பெடலுக்கு ஒரு மில்லி ஆம்பியர் அளவே போதும். இன்றைய டிஜிட்டல் பெடல்கள் சில 300 மில்லி ஆம்பியர் கேட்கின்றன. 9 வோல்ட் ஆல்கலைன் பாட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லி ஆம்பியர்-மணி. முன்னது கணக்குப்படி 500 மணி நேரம் ஓடும். பின்னது இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

இரண்டாவது, பொறுமையின்மை. பாட்டரி இளைத்தால் பழைய பெடலின் ஒலி மெல்ல மங்கும். டிஜிட்டல் சுற்றோ, மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே கணநேரம் இறங்கினாலும் கச்சேரியின் நடுவிலேயே நின்று, முதலிலிருந்து தொடங்கும்.

மூன்றாவது, அதுவே இரைச்சலுக்குப் பிறப்பிடம். அதனுள்ளே கடிகாரத் துடிப்புகள் நொடிக்கு இலட்சக்கணக்கில் ஓடுகின்றன. ஒரே அடாப்டரில் இரு பெடல்களை இணைத்தால் இத்துடிப்புகள் மின்கம்பி வழியே பரவும். ஒன்று 4,00,000 ஹெர்ட்ஸ், மற்றது 4,01,000 ஹெர்ட்ஸ் என்போம். தனித்தனியே இரண்டும் காதுக்கு எட்டா. கரகரப்புப் பெடல் போன்ற ஒரு சுற்றில் இரண்டும் கலந்தால், அவற்றின் வேறுபாடான 1000 ஹெர்ட்ஸ் சீழ்க்கையாகக் கேட்கும்.

உயிரைக் குடித்த எர்த்

இனி 'எர்த் வளையம்'. இரு பெடல்களை இசைக்கம்பியின் உறை ஒருமுறை இணைக்கிறது. பொது அடாப்டரின் எதிர்முனைக் கம்பி மீண்டும் ஒருமுறை இணைக்கிறது. இவ்வாறு மூடிய வளையம் ஒன்று உண்டாகிறது. அருகிலுள்ள மின்மாற்றியின் காந்தப்புலம் இவ்வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, இரைச்சல் பிறக்கிறது. கிட்டாருக்கு உயிர் தந்த ஃபாரடே விதியே இங்கு தொல்லையும் தருகிறது. ஒலிபெருக்கி, ஒலிக்கலப்புக் கருவி போன்றவை தனித்தனியே எர்த் செய்யப்பட்டிருந்தால், அவற்றினிடையிலும் இத்தகைய வளையம் அமையும்.

இதைப் போக்கச் சிலர் ஒலிபெருக்கியின் எர்த் இணைப்பைத் துண்டித்துவிடும் வழக்கம் உண்டு. இரைச்சல் குறையலாம், ஆனால் உலோகப் பெட்டிக்குள் மின்கசிவு நேர்ந்தால் அது போக வேறு வழியின்றி வாசிப்பவரின் உடல் வழியே போகும். எர்த் குறைபாடு என்ன செய்யும் என்பதற்கு ஒரு துயரச் சான்று: 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, முறையாக எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே மின்தாக்கி இறந்தார்.

பெடல்களுக்கிடையே உள்ள வளையத்தை ஆபத்தின்றி நீக்கும் முறை பின்னர் பரவியது. ஒரே மின்மாற்றியில் ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி இரண்டாம் சுற்றுகளை அமைத்து, தனித்தனி நிலைப்படுத்தியும் வைத்தனர். ஒரு பெட்டிக்குள் எட்டுப் பாட்டரிகள் இருப்பதைப் போன்றது இது. பாட்டரியின் அந்த இரண்டாவது நன்மையை மீண்டும் பெற நெடுநாள் ஆயிற்று! இன்று உயர் அதிர்வெண்ணில் இயங்கும் 'சுவிட்சிங்' வகை மின்வழங்கிகளிலும் இப்பிரிப்பு உண்டு. அவற்றின் அதிர்வெண் செவியின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால், ஒழுங்காக வடிகட்டினால் அவையும் தூயவையே.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் மின்னழுத்தமும் அதன் வகையும். 1999இல் லைன் 6 நிறுவனம் வெளியிட்ட டி.எல்-4 பெடலுக்கு 9 வோல்ட் மாறுதிசை மின்சாரம் தேவைப்பட்டது. அதன் அடாப்டரை நேர்திசைப் பெடலில் செருகினால் பெடல் பழுதாகலாம். அடுத்து முனை. இன்று பெரும்பாலான பெடல்களில் செருகியின் நடுமுனை எதிர்மின். பழைய ஜெர்மானியம் பெடல்கள் சில இதற்கு மாறானவை. மூன்றாவது மின்னோட்டம். பெடல் கேட்பதைவிட அடாப்டரின் அளவு கூடுதலாக இருக்கட்டும். கூடுதலால் கேடில்லை, பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நான்காவது தனிமை. எல்லாப் பெடல்களுக்கும் தனி வழி அமைக்க இயலாவிட்டாலும், டிஜிட்டல் பெடலுக்கேனும் தனி அடாப்டர் வேண்டும். ஐந்து பழைய பெடல்களை ஒரே அடாப்டரில் இயக்கினாலும் பெரும்பாலும் தொல்லை இராது.

ஆகவே இரைச்சல் கேட்டவுடன் புதுக் கிட்டார் வாங்க ஓடவேண்டாம். முதலில் டிஜிட்டல் பெடலின் அடாப்டரைக் கழற்றி, பாட்டரி இடம் இருந்தால் ஒரு பாட்டரியைப் பொருத்திப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. நிற்காவிட்டால் வேறு இடத்தில் தேடுங்கள். எங்கே தேடினாலும், மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள்.