நெருப்பும் கோடரியும்: இந்திய வனவியலில் ஒரு நீண்ட விவாதம்

முன்னுரை

இந்திய வனத்துறை 1864ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியத் தாவரவியலார். இருப்புப்பாதைக்குரிய குறுக்குக்கட்டைகளும் கப்பல் கட்டுவதற்குரிய தேக்கும் இடையறாது கிடைத்தல் வேண்டும் என்பதே அரசின் நோக்கம். அந்நோக்கம் மூன்று வினாக்களை எழுப்பியது. எத்தனை மரங்களை வெட்டலாம்? எவற்றை விட்டுவைக்க வேண்டும்? கோடைதோறும் காட்டில் பரவும் நெருப்பை என்ன செய்வது? மூன்றாம் வினா அரை நூற்றாண்டுக்கு மேலாக வனவியலாரைப் பிரித்து வைத்தது. அவ்விவாதத்தின் போக்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

வெட்டும் அளவு

பிராண்டிஸ் 1856இல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்றார். குறித்த கோடுகளின் வழியே சென்று தேக்கு மரங்களை எண்ணி, சுற்றளவுக்கேற்ப அவற்றை வகைப்படுத்தினார். ஆறடிச் சுற்றளவு உடையன முதல் வகை. அடுத்த வகை மரங்கள் அவ்வளவை எட்ட எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணித்து, அதற்கேற்பவே ஆண்டு வெட்டினை வரையறுத்தார். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் முறை இது.

எனினும், இக்கணக்கில் முதுமரத்திற்குத் தனி மதிப்பில்லை. முதிர்ந்த மரம் வெட்டுதற்குரிய மரமாகவே கருதப்பட்டது. பொந்துகளில் வாழும் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் அது புகலிடமாதலும், விதை வழங்குதலும் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

தீத்தடுப்பு

மத்திய மாகாணத்தின் போரி காட்டில் 1860களில் பியர்சன் என்னும் அலுவலர் தீத்தடுப்பைத் தொடங்கினார். எல்லைகளில் புல்லையும் சருகையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கப்பட்டன. கோடையில் காவலர் அமர்த்தப்பட்டனர். இம்முறை பிற மாகாணங்களுக்கும் பரவியது. 1878ஆம் ஆண்டின் வனச்சட்டம் ஒதுக்கப்பட்ட காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது.

காட்டை அடுத்து வாழ்ந்தோர் தீயிட்டமைக்குக் காரணங்கள் இருந்தன. கால்நடைக்கு இளம்புல் வேண்டியிருந்தது. உதிரும் இலுப்பைப்பூவைப் பொறுக்கத் தரை தூய்மையாக இருத்தல் வேண்டியிருந்தது. அலுவலர் பலர் இவற்றை அறியாமை என்றே ஒதுக்கினர்.

எழுந்த ஐயம்

மறுப்பு வனத்துறையின் உள்ளிருந்தே எழுந்தது. 1896இல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் ஸ்லேட் என்பார், பர்மாவில் தீத்தடுப்பு அளவு மீறிவிட்டது என வாதிட்டார். ஈரமிகு காடுகளில் தீயை அறவே நீக்கியபோது மூங்கிலும் பசுமைமாறாப் புதர்களும் அடர்ந்தன. ஒளியை நாடும் தேக்கின் இளங்கன்றுகள் அந்நிழலில் நிலைக்கவில்லை. வங்காளத்திலும் அசாமிலும் சால மரத்திற்கும் இதே நிலை நேர்ந்தது. காக்கப்பட்ட காட்டில் பெருமரங்கள் நின்றன. அவற்றின் வழித்தோன்றல்கள் இல்லை.

இதனால் தீ எங்கும் நன்மை செய்வது என்று கொள்ளுதல் பொருந்தாது. வறண்ட காட்டில் ஆண்டுதோறும் எரியும் தீ கன்றுகளை அழிக்கும். முதுமரத்தின் அடியைக் குடையும். ஈரத்தின் அளவு, தீயின் பருவம், சருகின் திரட்சி ஆகியவற்றைப் பொறுத்தே பயன் மாறுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் பர்மாவின் பல காடுகளில் முழுத்தடுப்பு கைவிடப்பட்டது; சருகு முற்றக் காயுமுன் மூட்டும் கட்டுப்படுத்திய தீ இடம்பெற்றது.

குமாவுன் தரும் சான்று

1921இல் குமாவுன் மலைப்பகுதியில் பிசின் எடுக்கப்பட்ட சீர்ப்பைன் காடுகள் பரவலாகத் தீயிடப்பட்டன. அகன்ற இலைக் காடுகள் தாக்கப்பட்டமைக்குச் சான்றில்லை என வரலாற்றறிஞர் இராமச்சந்திர குஹா சுட்டுகிறார். தம் வாழ்வுக்கு உதவிய காட்டை விடுத்து, வணிகத்திற்கு ஒதுக்கிய காட்டையே மக்கள் எரித்தனர் என்று இதனால் கொள்ளலாம். மக்களை விலக்கிய காவல் தீயையும் தடுக்கவில்லை. 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகள் வகுக்கப்பட்டன.

விடுதலைக்குப் பின்

1988ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை, வருவாயைவிடச் சூழல் சமநிலையே முதன்மை என வரையறுத்தது. நீலகிரியின் கூடலூர்க் காடுகள் குறித்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், ஒப்புதல் பெற்ற செயல்திட்டமின்றி மரம் வெட்டுதலைத் தடை செய்தது. கோடரிக்கு இவ்வாறு எல்லை வகுக்கப்பட்டது. நெருப்பைப் பற்றிய வினா அவ்வாறு தீரவில்லை.

கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் சோலிகர் கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்குத் தீயிட்டு வந்தனர்; இதனைத் ‘தரகு பெங்கி’ என்பர். 1974இல் அம்மலை சரணாலயமான பின் இவ்வழக்கம் தடுக்கப்பட்டது. உண்ணிச்செடி பெருகியதற்கு அத்தடையே காரணம் என்பது முதியோர் கூற்று. புதராய் அடர்ந்த அச்செடி கோடையில் பெருந்தீக்கு இரையாகிறது. 2011இல் சோலிகருக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது.

முடிவுரை

வெட்டு, தீ, முதுமரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆள முயன்றபோதெல்லாம் காடு இழப்பையே கண்டது. பர்மாவில் தேக்கின் கன்றுகள் அருகியதும், பிளிகிரிரங்கன் மலையில் புதர் பெருகியதும் ஒரே படிப்பினையைத் தருகின்றன. காப்பாற்றப்பட்ட பரப்பினைக் கொண்டு மட்டும் காவலின் வெற்றியை அளத்தல் தகாது. முதுமரத்தின் அடியில் அதன் இளங்கன்று வளர்கிறதா என்பதே உரிய அளவுகோல். அதனை அன்றாடம் காணும் வாய்ப்புடையோர் காட்டில் வாழ்பவர்களே. அவர்தம் அறிவை ஆய்வுக்குரிய சான்றாக ஏற்பது வனவியலின் இன்றியமையாக் கடமையாகும்.