ஏட்டிலிருந்து அச்சுக்கு: சிந்தாமணி வந்த வழி

மாமல்லபுரம் செல்லும் சிறுவர்கள் தருமராச இரதத்தில் பல்லவ கிரந்த எழுத்துகளைக் காணலாம். ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் உப்புக்காற்று வீசியும் அவை அழியவில்லை. ஆயினும் கல்லெழுத்தை இல்லத்திற்கு எடுத்துச் சென்று படித்தல் இயலாது. இல்லத்தில் படிக்கப் பயன்பட்டது பனையோலைச் சுவடியே. அதுவோ நெடுநாள் நில்லாது. செல்லரிக்குமுன் வேறொரு படி எழுதியாக வேண்டும். எழுதுவோர் கைக்கொரு பிழை புகும்.

ஏடு படிப்பதும் எளிதன்று. ஓலை கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்திற்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் இல்லை. 'கொல்', 'கோல்', 'கொல' ஆகிய மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். செய்யுளும் உரையும் இடைவெளியின்றித் தொடரும். ஆசிரியர் வாயிலாகக் கேட்டறிந்தவரே ஏட்டைப் பிழையறப் படிக்க வல்லவராயினர்.

தமிழ் எழுத்தில் அச்சான நூல் 1578இலேயே கொல்லத்தில் வெளிவந்தது. எனினும் நெடுங்காலம் அச்சுத்தொழில் பெரும்பாலும் கிறித்தவ சமயப் பணியாளரிடமும் அரசிடமுமே இருந்தது. 1835ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே இந்நாட்டினர் தடையின்றி அச்சுக்கூடம் நடத்தலாயினர். ஈய எழுத்துகளை ஒருமுறை கோத்துவிட்டால் ஒரே வடிவான நூற்றுக்கணக்கான படிகள் கிடைத்தன. பிழையைக் கண்டால் அச்சிடுமுன் திருத்தவும் முடிந்தது.

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868இல் பவர் என்னும் பாதிரியார் பதிப்பித்தார். முழுநூலையும் நச்சினார்க்கினியர் உரையுடன் 1887இல் வெளியிட்டவர் உ. வே. சாமிநாதையர். 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டுதலால் அந்நூலைப் படிக்கத் தொடங்கிய அவர், சமண சமயச் சொற்களுக்குப் பொருள் விளங்காமல் இடர்ப்பட்டார். பல ஏடுகளை ஒப்பிட்டும் அவ்விடர் முற்றும் தீரவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லம் ஒன்றிற்குச் சென்றபோது அங்கே விழாக்கோலம் கண்டார். பல மாதங்களாக நடந்த சிந்தாமணிப் படனம் நிறைவுற்ற நாள் அது! சந்திரநாத செட்டியார் முதலிய சமண அன்பர்கள் அவருடைய ஐயங்களைத் தீர்த்தனர். ஏட்டில் இருந்தது சொல். இல்லத்தில் இருந்தது பொருள். இரண்டும் கூடியபின்னரே அந்நூல் செம்மையாக அச்சேறியது.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருப்பருத்திக்குன்றத்தில் வாழ்ந்த வாமன முனிவர் இயற்றிய மேருமந்தர புராணத்தைப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1923இல் பதிப்பித்தார். முன்னாளில் ஏடு எழுதுவித்து வழங்குவது சாத்திரதானம். அச்சுக் காலத்தில் நூல் வெளியிடப் பொருளுதவுவதும் அவ்வறமே ஆயிற்று.

அச்சினால் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட நிலை மாறி, அவரவர் தனித்துப் படிக்கும் வழக்கம் வந்தது. அது பெரும்பேறே. ஆனால் கூடிப் படிக்கும் வழக்கம் குறையக் குறைய, பொருள் சொல்வாரும் குறைந்தனர். சாமிநாதையர் போன்ற ஒருவர் இன்று ஐயம் கேட்டு வந்தால் விடை சொல்ல எத்தனை இல்லங்கள் உள்ளன? சுருதபஞ்சமியன்று நூலுக்கு மலர் தூவி வணங்குவதோடு அமையாமல், பெரியோர் ஒரு பாடலையேனும் படித்துப் பொருள் கூற, சிறுவர் அருகிருந்து கேட்டல் வேண்டும். சொல்லை அச்சு காக்கும். பொருளைக் காக்க வேண்டியது இல்லமே.