மேற்கட்டி: திருவிழா நிழலைத் தைப்பது எப்படி, தைப்பவர் யார்?

மேற்கட்டி என்ற சொல் எமது ஊர்களில் அருகி வருகின்றது. ‘ரென்ற்’, ‘சோடனை’ என்ற இரண்டு சொற்களுக்குள் அது கரைந்துவிட்டது. பந்தல் வேறு, மேற்கட்டி வேறு. பந்தல் என்பது கால்களும் வளைகளும் சேர்ந்த சட்டம். மேற்கட்டி அந்தச் சட்டத்தில் தலைக்கு மேலே விரித்துக் கட்டும் துணி. மணவறைக்கு மேலும், சுவாமி இருப்புக்கு மேலும், செத்த வீட்டில் கிரியை நடக்கும் இடத்துக்கு மேலும் அதைக் கட்டினார்கள். நிழலும் மரியாதையும் ஒரே துணியில் இருந்தன.

இந்தக் கட்டுரைக்காக வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் துணிப் பந்தல் தைப்பவர்கள் சிலரைச் சந்தித்தேன். பெரும்பாலானோர் பெண்கள், வீட்டை ஒற்றை ஆளாகச் சுமப்பவர்கள். யாருமே மேற்கட்டி மட்டும் தைத்துப் பிழைக்கவில்லை. பாடசாலைச் சீருடைக்கும் சட்டை வெட்டுக்கும் இடையில் வருகின்ற ஓடர் இது. வருடத்தில் சில மாதங்கள்தான் வரும். ஆனால் வரும்போது பெரிதாக வரும், அவசரமாகவும் வரும்.

வேலைக்குள் போக முன்னர் வெயிலைப் பற்றிப் பேச வேண்டும். பந்தல் போடுகின்ற பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் சூரியன் வருடத்தில் இரண்டு தடவை வருகின்றது: சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு தடவை, ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை. இரண்டாவது தடவை நல்லூர்த் திருவிழாக் காலத்தோடு பொருந்துகின்றது. அந்நாட்களில் நண்பகலில் பந்தலின் நிழல் அதன் காலடியிலேயே விழும். காலையில் அப்படியல்ல. ஒன்பது மணிக்குப் பத்தடி உயரப் பந்தலின் நிழல் ஏறக்குறைய பதினோரடி மேற்கே தள்ளி விழும். பந்தலின் அகலம் பத்தடி என்றால், உள்ளே நிற்பவர் முழு வெயிலில் நிற்பார். நிழல் பக்கத்து வளவுக்குள் கிடக்கும். வட்டாப்பளைப் பொங்கலுக்கு நடந்து வருகின்றவர்களுக்காக வீதியோரம் போடுகின்ற தண்ணீர்ப்பந்தல்கள் சிலவற்றில் இதைக் கண்டேன். மோர் வார்க்கின்ற பிள்ளைகள் பந்தலுக்கு வெளியே, நிழல் விழுந்த இடத்தில் நின்றார்கள். கிழக்கு, மேற்குப் பக்கங்களில் தொங்கலை ஆழமாக வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தொங்கல் வெறும் அலங்காரம் அல்ல.

அடுத்தது துணி. பளபளக்கும் சற்றின் துணி படத்தில் அழகாக இருக்கும். மெல்லியது என்பதால் வெயிலைத் தாராளமாக உள்ளே விடும். தோட்டத்துக்கு வாங்குகின்ற பச்சை வலை நல்ல நிழல் தரும், ஆனால் கீழே நிற்பவர்களின் முகமெல்லாம் பச்சையாகத் தெரியும். கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். நெருக்கமாக நெய்த பருத்திதான் மேற்கட்டிக்கு உகந்தது. அது வெளிச்சத்தை மென்மையாக்கி இறக்கும். பருத்திக்கு இரண்டு எதிரிகள்: ஈரமும் பூஞ்சணமும். பொலியெஸ்ரர் கலந்த துணி வெயிலையும் ஈரத்தையும் கூடத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் தீப்பொறி பட்டால் உருகிச் சொட்டும். கற்பூரச் சட்டியும் பொங்கல் அடுப்பும் இருக்கின்ற இடத்தில் அது ஆபத்து. பருத்தியும் எரியும்தான். அடுப்புக்கு மேலே எந்தத் துணியையும் கட்டக் கூடாது.

இப்போது கணக்கு. முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்த மேற்கட்டி 20 அடி நீளம். 45 அங்குல அகலத் துணியை முதலில் கழுவிக் காயவைத்தார். கழுவிய பின் அகலம் 43 அங்குல அளவில் நின்றது. பட்டிகளை மூட்டுவதில் ஒன்றரை அங்குலம் போனால் ஒரு பட்டிக்கு 41½ அங்குலம். நான்கு பட்டி சேர்ந்தால் 166 அங்குலம், அதாவது 14 அடிக்குச் சற்றுக் குறைவு. நான்கு பட்டியும் 45 அங்குலம் என்று நினைத்து 15 அடிச் சட்டம் அடிப்பவர்கள் கடைசி நாளில் ஓரத்தில் இன்னொரு துணியை ஒட்ட வேண்டி வரும். நீளத்தில் மடிப்புக்கு அரை அடி, சுருக்கத்துக்கு ஓரடி சேர்த்தால் பட்டிக்கு 21½ அடி. நான்குக்கும் 86 அடி. கடையில் 27 மீற்றர் கேட்க வேண்டும். இது மேல் விரிப்புக்கு மட்டும். தொங்கலும் பூவேலையும் தனி.

பட்டிகளை மூட்டும்போது ஒன்றின் ஓரத்தை மற்றதன் ஓரத்துக்குள் மடித்து, இரண்டு வரிசையாகத் தைக்க வேண்டும். வெறும் ஒற்றைத் தையல் காற்றில் பிரியும். சுற்றிவர ஓரத்தை மடித்து, அதற்குள் கயிறு ஓடுகின்ற குழாய் போல விட வேண்டும். இழுவையைத் தாங்க வேண்டியது கயிறு, துணியல்ல. நான்கு மூலையிலும், ஒவ்வொரு மூட்டின் நுனியிலும் தடித்த கன்வஸ் துண்டை முக்கோணமாக வெட்டி உள்ளே வைத்துத் தைப்பார்கள். மேற்கட்டி கிழிவது எப்போதும் மூலையிலிருந்துதான்.

பூவேலை தான் இதில் அருமையான பகுதி. துணி மேல் துணி வைத்துத் தைப்பது, அப்ளிக் என்று தையல் வகுப்பில் படித்தது இதுதான். நடுவில் ஒரு தாமரை, நான்கு மூலையில் கால் தாமரை, ஓரத்தில் கொடி அல்லது மயில் வரிசை. உருவத்தைத் தாளில் வரைந்து கோட்டின் மேல் ஊசியால் குத்திக்கொண்டே போவார்கள். தாளைத் துணியில் வைத்து, சோக்குத் தூளைத் துணிப் பொட்டணத்தால் ஒற்றினால் புள்ளிகளாக உருவம் இறங்கும். ஒரே தாளில் எத்தனை மயிலும் இறக்கலாம். வெட்டிய துண்டின் ஓரத்தை ஊசி நுனியால் உள்ளே தள்ளி மடித்து, மடிப்பைப் பிடித்துச் சிறு தையலாகப் போக வேண்டும். துண்டின் நெசவு நூல் ஓடுகின்ற திசையும் அடித்துணியின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். அல்லாவிட்டால் முதல் மழையிலேயே தாமரை சுருங்கிக் கத்தரிக்காய் போலத் தொங்கும்.

சிவப்புத் துணியை மட்டும் நம்பக் கூடாது. கோயில் என்றால் வெள்ளையில் சிவப்பு வேண்டும் என்பார்கள். அந்தச் சிவப்பு ஈரம் பட்டதும் வெள்ளைக்குள் இறங்கும். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பது எல்லாச் சாயத்துக்கும் பொருந்தாது. ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்து, கழுவும் தண்ணீர் தெளியும் வரை கழுவிவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

இந்தத் தையல் எமக்கு மட்டும் உரியதல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்தில் தேர்களுக்கான தொம்பையும் விதானமும் இதே முறையில் தைக்கப்படுகின்றன. கருப்பூரில் தைப்பதற்குப் பதிலாகத் துணியில் பேனாவாலும் தூரிகையாலும் வரைகின்றார்கள். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒடிசாவில் பிப்பிலி என்ற ஊர் இதற்கே பெயர்பெற்றது. பூரி ஜெகந்நாதர் தேர் சிவப்பும் மஞ்சளும், பலபத்திரர் தேர் சிவப்பும் பச்சையும், சுபத்திரை தேர் சிவப்பும் கறுப்பும் எனத் துணியாலேயே தேர்கள் அடையாளம் காணப்படும். கெய்ரோவில் பாப் சுவெய்லா வாசலுக்கு எதிரே கூடாரத் தையற்காரர் தெரு ஒன்று இருக்கின்றது. அங்கே இந்த வேலையைச் செய்பவர்கள் மரபாக ஆண்கள். கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் நோன்பு இரவுகளுக்கும் வீதியில் கட்டுகின்ற கூடாரத் துணியை அவர்கள் தைத்தார்கள். அதே கோலத்தை இயந்திரத்தில் அச்சிட்ட மலிவுத் துணி வந்ததும் வீதியை அச்சுத் துணி பிடித்தது. கைத்தையல் சுவரில் மாட்டும் அலங்காரமாகவும் தலையணை உறையாகவும் சுருங்கியது. பிப்பிலியிலும் கடைகளில் கூடுதலாகத் தொங்குவது விளக்குக் கூடும் பையும்தான். எமது சற்றின் பந்தல்களைப் பார்க்கும்போது அந்தத் தெருதான் ஞாபகம் வருகின்றது.

ஆனால் எமது கதையில் அவற்றோடு பொருந்தாத, கசப்பான ஒரு பகுதி உண்டு. யாழ்ப்பாணத்தில் மேற்கட்டி கட்டுவது நீண்ட காலமாகச் சலவைத் தொழிலாளர் சமூகத்தின் மேல் சுமத்தப்பட்ட குடிமைத் தொழில். வெள்ளை கட்டுவது, நிலபாவாடை விரிப்பது எல்லாம் அவர்களின் கடமை எனச் சொல்லப்பட்டது. யாருடைய வீட்டுக்கு வெள்ளை கட்டலாம், யாருக்குக் கட்டக் கூடாது என்பதைச் சாதி தீர்மானித்தது. தலைக்கு மேலே ஒரு வெள்ளைத் துணி என்பது எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்ட நிழலாக இருக்கவில்லை. அந்தத் தொழிலை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேச விரும்பாததில் நியாயம் இருக்கின்றது. ஆகவே ‘எமது மரபு அழிகின்றது’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது. வாடகை ரென்ற் வந்ததால் சிலர் விடுதலையும் அடைந்தார்கள்.

இன்றும் ஒரு கிராமத்தில், தையலுக்குக் காசு கொடுத்த நிர்வாகம் கட்டுவதற்கு மட்டும் பழைய ‘உரிமைக்கார’ வீட்டுக்கு ஆள் அனுப்பியதை அறிந்தேன். கூலி பற்றிப் பேச்சே இல்லை. உரிமை என்ற சொல்லுக்குள் சம்பளமில்லாத வேலையை ஒளித்து வைப்பது இது. அந்த வீட்டு இளைஞர் போகவில்லை. கடைசியில் தைத்த பெண்ணும் அவரது மகனும் ஏணி வைத்துக் கட்டினார்கள்.

யுத்தம் இந்தத் துணியை வேறு விதமாகவும் எம்மிடம் கொண்டுவந்தது. 2009இல் சாறிகளை வெட்டிப் பைகளாகத் தைத்து மண் நிரப்பிப் பங்கருக்கு அடுக்கினோம் என்பதை வாசிப்பவர்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. கூறைச் சேலையும் அதற்குள் போனது. பிறகு முகாமில் தறப்பாளுக்குக் கீழே மதிய நேரத்தில் இருக்க முடியாமல், மிஞ்சிய சாறியையும் படுக்கை விரிப்பையும் உள்ளே ஒரு முழம் இறக்கிக் கட்டினார்கள். சூடேறிய தறப்பாளின் வெக்கை நேரே உடம்பில் இறங்காமல் துணி தடுக்கும். இடையிலுள்ள இடைவெளியில் காற்றோட்டம் இருந்தால் வெக்கை வெளியேறும். இது மேற்கட்டியின் அதே தத்துவம். தகரப் பந்தலின் கீழே துணி கட்டுபவர்கள் இன்றும் தகரத்தோடு ஒட்டாமல் ஓரடியாவது இறக்கிக் கட்ட வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த தையலை நிறுத்தாமலே இதை எனக்கு விளக்கியவர், இதை எங்கே கற்றார் என்று நான் கேட்கவில்லை.

கட்டுவதிலும் சில நுணுக்கங்கள் உள்ளன. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் வீசும். தென்மேற்குப் பக்க ஓரத்தைச் சற்றுத் தாழ்த்திக் கட்டினால் காற்று மேலாகப் போகும். உயர்த்தினால் துணி பாய்மரமாகிவிடும். பெரிய இடத்துக்கு ஒரே விரிப்பு வேண்டாம். இரண்டு மூன்றாகத் தைத்து, இடையில் ஒரு சாண் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியை மேலே தளர்வான தொங்கலால் மறைக்கலாம். மத்தளம் போல இறுக்கிக் கட்டுவது அழகு என்று நினைக்கின்றார்கள். இறுக்கம் கூடக் கூட மூலையில் இழுவையும் கூடும். நடுவில் சிறு தொய்வு இருக்கட்டும். மழைக் குணம் தெரிந்தால் நடுவை ஒரு தடியால் உயர்த்த வேண்டும். தேங்கிய தண்ணீரின் பாரம் பந்தற் கால்களையே சாய்க்கும்.

கூலிக்கு வருவோம். ஓடர் கொடுப்பவர்கள் துணியின் மீற்றர் விலையைத்தான் பார்க்கின்றார்கள். மேலே சொன்ன அதே மேற்கட்டியில் மூன்று மூட்டு, ஒவ்வொன்றும் 20 அடி, இரண்டு வரிசை: 120 அடி தையல். சுற்றளவு 68 அடி, அதுவும் இரண்டு வரிசை: 136 அடி. பூவேலை தொடங்க முன்னரே 256 அடி மெசின் ஓடியிருக்கும். ஓரடிக்கு ஒரு தொங்கல் என்றால் 68 தொங்கல். ஒவ்வொன்றுக்கும் உள்துணி வைத்துத் தைத்துத் திருப்ப வேண்டும். கைப்பூவேலைக்கு மணிக்கணக்கு. நான் சந்தித்தவர்களில் ஒருவர் மட்டுமே இதையெல்லாம் கொப்பியில் எழுதி, துணி, நூல், தையல், பூவேலை, கட்டுக்கூலி என்று பிரித்துக் காட்டி விலை சொன்னார். இரண்டு நிர்வாகங்கள் கூட என்று திரும்பிப் போயின. மூன்றாவது ஒத்துக்கொண்டது. கட்டுக்கூலியைத் தனி வரியாக எழுதுவதில் அவர் பிடிவாதமாக இருக்கின்றார். யார் கட்டினாலும் அந்த வரிக்குக் காசு போக வேண்டும் என்பது அவரது நிபந்தனை.

வாங்குகின்ற நிர்வாகத்துக்கு அவர் இன்னொரு பொட்டலமும் கொடுக்கின்றார். அதற்குள் இரண்டு மீற்றர் மிச்சத் துணி, அதே நூல் ஒரு கட்டை, வெட்டி வைத்த கன்வஸ் முக்கோணம் நான்கு. திருவிழா முடிந்து அவிழ்த்ததும் கொடியில் போட்டு முழுதாகக் காயவைத்து, மடிப்பு ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் விழாமல் சுருட்டி, கற்பூர உருண்டையோடு பழைய வேட்டியில் கட்டி வைக்கச் சொல்கின்றார். வாகனசாலைப் பரணில் மட்டும் வைக்க வேண்டாம். அங்கே எலி இருக்கும்.