ரெக்ஸ்டேலும் மலிவுக் கட்டண விமானப் பயணமும்: ஆசனம், பயணப்பொதி

ரெக்ஸ்டேல், ரொறன்ரோ மாநகரின் வடமேற்கு மூலையில், எற்றோபிக்கோவின் வடபகுதியில் உள்ள குடியிருப்புப் பகுதி. 1950களில் இங்கிருந்த பண்ணை நிலங்களில் வீடு கட்டி விற்ற ரெக்ஸ் ஹெஸ்லொப் என்பவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. அதன் மேற்கெல்லையைத் தாண்டினால் மிசிசாகா. அங்கே, 1930களின் இறுதியில் மோல்ற்றன் விமான நிலையமாகத் தொடங்கி 1984இல் லெஸ்டர் பி. பியர்சனின் பெயரைப் பெற்ற நாட்டின் மிகப் பெரிய விமான நிலையம் இருக்கிறது. மலிவுக் கட்டண விமானத் தொழிலுக்கும் இந்த வட்டாரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1988 முதல் 2001 நவம்பர் வரை பறந்த கனடா 3000 நிறுவனம் எற்றோபிக்கோவின் இந்தப் பக்கத்திலிருந்தே நடத்தப்பட்டது. 2010 மார்ச்சில் முடங்கிய ஸ்கைசேர்விஸ், 2005இல் தொடங்கி 2025இல் வெஸ்ட்ஜெட்டோடு கலந்துபோன சன்விங் ஆகிய இரண்டின் தலைமையகங்களும் விமான நிலையத்தை ஒட்டிய ஃபாஸ்கன் டிரைவ் என்னும் சிறிய வீதியில் இருந்தன. குளிர்காலத்தில் கியூபாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் குறைந்த விலையில் ஆட்களை ஏற்றிச் சென்ற தொழில், ரெக்ஸ்டேல்காரர் வேலைக்குப் போய்வரும் தூரத்திலேயே வளர்ந்தது.

மலிவுக் கட்டண விமானம் என்பது, பயணத்தின் ஒவ்வொரு கூறையும் தனித்தனியே பிரித்து விலை வைக்கும் ஏற்பாடு. பழைய முறையில் பயணச்சீட்டு வாங்கினால் ஆசனத் தெரிவு, சரக்கறையில் போடும் பெட்டி, தலைக்குமேல் தட்டில் வைக்கும் கைப்பெட்டி, சாப்பாடு எல்லாம் ஒரே விலைக்குள் வந்தன. புதிய முறையில் அடிப்படை விலைக்குக் கிடைப்பவை இரண்டே: எங்கோ ஓர் ஆசனம், அதற்கு முன்னால் உள்ள ஆசனத்தின் கீழ், கால் நீட்டும் இடத்தில் ஒரு சிறு பையை வைக்கும் உரிமை. ஆசனமும் பொதியும் இரு வேறு விடயங்களாகத் தோன்றினாலும், உண்மையில் இரண்டும் அந்த ஒரே சிறு இடத்தைப் பற்றியவை. பயணி தன் சாமான்களை அந்த இடத்துக்குள் அடக்கும்போது மட்டுமே விளம்பரத்தில் கண்ட விலை அவருடைய விலையாகிறது. அடக்காவிட்டால் அவர் வாங்குவது மலிவுப் பயணம் அல்ல. வழக்கமான பயணத்தைத் தவணை தவணையாக, கடைசித் தவணையை மிகக் கூடிய விலையில், வாங்குகிறார்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் அதன் நோக்கம் விளங்கும். 1972இல் டெக்சாசின் சவுத்வெஸ்ட் நிறுவனம், தன்னிடமிருந்த 4 விமானங்களில் ஒன்றை விற்க வேண்டிய நெருக்கடியில், தரையிறங்கிய விமானத்தை 10 நிமிடத்தில் மீண்டும் கிளப்பப் பழகிக்கொண்டது. தரையில் நிற்கும் விமானம் உழைக்காது என்ற அந்தப் பாடத்தை மற்றவர்கள் இன்னும் நீட்டினார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஆள் வேண்டும், பட்டி வேண்டும், ஏற்றி இறக்க நேரம் வேண்டும். ரயன்எயார் 2006இல் சரக்கறைப் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வைத்தது. அதைத் தவிர்க்க எல்லோரும் பெட்டியைக் கையோடு இழுத்து வரவே, தட்டுகள் நிரம்பி, ஏறும் வரிசை நின்றது. 2010இல் ஸ்பிரிட் நிறுவனம் கைப்பெட்டிக்கும் கட்டணம் வாங்கத் தொடங்கியது. கனடாவில் எட்மன்ரனைத் தளமாகக் கொண்ட ஃபிளெயர் 2017இல் இவ்வழிக்கு மாறியது. வெஸ்ட்ஜெட்டின் கிளையான ஸ்வூப் 2018 ஜூனில் ஹமில்ரனிலிருந்து பறக்கத் தொடங்கியது. பிறகு பெரிய நிறுவனங்களும் இதே ஏற்பாட்டைத் தங்கள் விலைப்பட்டியலின் அடிமட்டத்தில் சேர்த்துக்கொண்டன. 2024 ஜூனில் வெஸ்ட்ஜெட் அறிமுகப்படுத்திய அல்ட்ராபேசிக் சீட்டில், கடல் கடந்த பயணங்கள் தவிர, கைப்பெட்டி கிடையாது, ஆசனம் பின்பகுதியில், ஏறுவது கடைசியில். எயார் கனடா 2025 ஜனவரி 3 முதல் வட அமெரிக்கப் பயணங்களுக்கான தன் அடிப்படைச் சீட்டிலிருந்து கைப்பெட்டியை எடுத்துவிட்டது. ஆகவே இன்று பியர்சனில் மலிவு விமானம் என்பது ஒரு நிறுவனத்தின் பெயரைவிட ஒரு சீட்டின் பெயராகவே இருக்கிறது. பெரிய நிறுவனத்தில்தானே வாங்கினோம் என்று பழைய நினைப்பில் பெட்டியோடு வருபவரே அதிகம் அகப்படுகிறார்.

அகப்பட்டால் என்ன செலவு என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மேற்சொன்ன எயார் கனடா மாற்றத்தின்போது அறிவிக்கப்பட்ட தொகைகளின்படி, முதலாவது சரக்கறைப் பெட்டிக்கு முன்கூட்டியே கட்டுவது 35 டொலர்; அனுமதியில்லாத கைப்பெட்டியோடு விமான வாசல்வரை வந்துவிட்டால் 65 டொலர். நால்வர் உள்ள குடும்பம் ஆளுக்கொரு கைப்பெட்டியோடு போகும்போதும் வரும்போதும் வாசலில் பிடிபட்டால் 520 டொலர், வரி தனி. அதே நால்வரும் ஒரே ஒரு பெரிய பெட்டிக்கு இரு வழிக்கும் முன்பணம் கட்டி, மீதியைத் தோள்பைகளில் கொண்டுபோனால் 70 டொலர். இந்த 450 டொலர் வித்தியாசம் சாமான்களின் எடையால் வருவதல்ல. எந்த நேரத்தில், எந்த இடத்தில் முடிவெடுத்தோம் என்பதால் வருவது. பொதி குறைப்பது சிக்கனப் பழக்கம் என்று மட்டும் எண்ணுவோர் இதைத் தவறவிடுகிறார்கள்.

அந்தச் சிறு பையின் அளவையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். எயார் கனடா ஆசனத்தின் கீழ் அனுமதிக்கும் பை 43 சென்ரிமீற்றர் உயரம், 33 அகலம், 16 தடிப்பு, ஏறக்குறைய 22.7 லீற்றர் கொள்ளளவு. தட்டில் வைக்கும் கைப்பெட்டி 55, 40, 23; அது 50.6 லீற்றர். அதாவது சிறு பை கைப்பெட்டியின் பாதிக்கும் குறைவு. பாடசாலைப் பிள்ளையின் முதுகுப்பை அளவு. சக்கரப் பெட்டி இந்த அளவுக்குச் சரிவராது, சக்கரமும் கைபிடிக் கம்பியுமே தடிப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். துணிப்பைதான் வளைந்து கொடுக்கும். கல்கரியில் மூன்று நாள் கலியாணம் என்றால் இதற்குள் என்ன போகும்? ஒரு பட்டுச் சேலை, சட்டை, பாவாடையைத் தட்டையாக மடித்துப் பையின் முதுகுப்புறம் வைக்கலாம். வேட்டியும் சால்வையும் அதிக இடம் பிடியா. அன்றாட உடுப்பு இரண்டைச் சுருட்டி அடியில் போடலாம். நகையும் மருந்தும் கடவுச்சீட்டும் மேல் அறையில். குளிரங்கியும் சப்பாத்தும் உடம்பில் இருக்க வேண்டும். உடுத்தியிருப்பதை யாரும் அளப்பதில்லை, அங்கியின் உட்பைகளும் பைகளே. திரவமும் பசையும் 100 மில்லிலீற்றருக்கு மேல் உள்ள போத்தலில் கூடா என்பதால் ஊறுகாய்ப் போத்தல் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. ஒருவேளை வாசலில் பையைச் சரக்கறைக்கு எடுத்துவிட்டால், மின்கலப் பெட்டியையும் மருந்தையும் உடனே வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். உதிரி லித்தியம் மின்கலம் சரக்கறையில் போகக் கூடாது. மருந்து பயணியை விட்டுப் பிரியக் கூடாது.

இங்கேதான் ஆசனம் மீண்டும் வருகிறது. ஃபிளெயரின் போயிங் 737-8 விமானங்களில் 189 ஆசனங்கள். நிறைத்த பையைக் காலடியில் வைத்தால் கால் நீட்டும் இடத்தைப் பை எடுத்துக்கொள்ளும். பொதியில் மிச்சம் பிடித்ததை முழங்காலால் கட்டுகிறோம் என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. இரண்டு மணி நேரப் பயணத்தில் அது பொறுக்கத்தக்கது. வன்கூவர்வரை ஐந்து மணி நேரம் என்றால் உயரமானவருக்கும் மூட்டு நோயாளருக்கும் பொறுக்கத்தக்கதல்ல. அவர்கள் ஆசனத்துக்குப் பணம் கட்டுவது வீண்செலவாகாது. ஆனால் கட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூடுதல் விலைக்கு விற்கப்படும் முன்வரிசைக்கு முன்னால் சுவர்தான் இருக்கிறது, பை வைக்கும் இடம் இல்லை, விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் பை மேல்தட்டில்தான் இருக்க வேண்டும். பொதுவாக நடைபாதையோர ஆசனத்தின் கீழிடம் ஒடுங்கியது, நடு ஆசனத்தினது சற்று அகலம். யாரும் விரும்பாத நடு ஆசனத்தில் அமர்பவருக்குக் கிடைக்கும் ஒரே சலுகை அது.

சிறு பிள்ளைகளோடு போவோர் ஆசனத் தெரிவுக்குப் பணம் கட்டத் தேவையே இல்லை என்பது பலருக்குத் தெரியாத செய்தி. கனடாவின் விமானப் பயணிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 2019 டிசம்பர் 15 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரின் பக்கத்து ஆசனத்தை, 5 முதல் 11 வயதுவரை அதே வரிசையில் ஓர் ஆசனத்துக்கு மேல் இடைவெளி இல்லாத ஆசனத்தை, 12, 13 வயதினருக்கு ஒரு வரிசைக்கு மேல் பிரியாத ஆசனத்தை, மேலதிகக் கட்டணமின்றிக் கொடுக்க நிறுவனம் முயல வேண்டும். இணையத்தில் சீட்டு வாங்கும்போது, குடும்பம் பிரிந்து இருக்க நேரலாம் என்ற எச்சரிக்கையைக் கண்டு பயந்து ஆளுக்கு 20, 30 டொலர் கட்டிவிடும் தாய்தகப்பனுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். வளர்ந்தவர்கள் இருவர் பக்கத்தில் இருக்க விரும்பினால் அதற்கு விதி இல்லை. அது விருப்பம், விருப்பத்துக்கு விலை வைப்பதில் குறை காண முடியாது.

ரெக்ஸ்டேலில் வசிப்பது இந்தக் கணக்கில் ஒரு தனி அனுகூலம். ஸ்வூப் ஹமில்ரனையும், ஃபிளெயர் வாட்டர்லூவையும் நாடியது போலப் பயணிகளும் மலிவைத் தேடி ஊர்விட்டு ஊர் போனார்கள். எல்லை கடந்து பஃபலோவுக்கும் காரோட்டினார்கள். அங்கே சேமித்ததை எரிபொருளும் வாகனத் தரிப்பிடமும் விழுங்கியது உண்டு. ரெக்ஸ்டேல்காரரோ முதுகுப்பையை மட்டும் கொண்டு புறப்பட்டால், டிக்சன் வீதி வழியாகப் போகும் 52ஆம் இலக்கப் பேருந்தில் பிரெஸ்ரோ பயண அட்டையில் 3.30 டொலர் செலவோடு பியர்சனை அடையலாம். இரண்டு பெட்டிகளோடு அந்தப் பேருந்தில் ஏறுவது பெரும்பாடு. பொதியின் செலவு விமானத்தில் தொடங்குவதில்லை, வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பயணி பையைச் சுருக்கப் பழகுவது, நிறுவனத்தின் சுரண்டலுக்கு இசைந்துபோவதாகும் என்பது. ஆதாரமும் இருக்கிறது. மலிவு விமானத்துக்கு வழிகாட்டிய சவுத்வெஸ்ட்டே பல பத்தாண்டுகள் இரண்டு பெட்டிகளை இலவசமாக ஏற்றியது, 2025 மே மாதம்தான் நிறுத்தியது. ஆகவே பொதிக் கட்டணம் இல்லாமல் மலிவு நடக்காது என்பது பொய். ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் வூவெலிங் விமான நிறுவனம் தொடர்பான வழக்கில், நியாயமான எடையும் அளவும் கொண்ட கைப்பொதி பயணத்தின் தவிர்க்க முடியாத கூறு என்றது. ஸ்பெயின் அரசு 2024 நவம்பரில் கைப்பொதிக் கட்டணம் உள்ளிட்ட நடைமுறைகளுக்காக 5 நிறுவனங்களுக்கு மொத்தம் 179 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. கனடாவில் 2012 டிசம்பர் முதல் வரியும் கட்டாயக் கட்டணமும் விளம்பர விலைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. உள்நாட்டுப் பயணத்துக்கு ஒரு வழிக்கு 9.94 டொலரான பாதுகாப்புக் கட்டணம்கூட அதில் அடக்கம். கைப்பெட்டி கட்டாயமல்ல என்பதால் அது மட்டும் வெளியே நிற்கிறது. இதைத் திருத்த வேண்டும் என்பதில் ஐயமில்லை: தேடும் முதல் திரையிலேயே ஒரு கைப்பெட்டியோடு என்ன விலை என்று காட்டச் செய்வது அரசின் கடமை. ஆனால் விதி வரும்வரை பயணிக்கு இருக்கும் ஒரே பலம் அளவுநாடா. அதைப் பயன்படுத்துவது இசைந்துபோவதல்ல. கட்டணம் வாங்க எண்ணியவருக்கு வாய்ப்பைக் கொடாமல் இருப்பது.

இரண்டாவது மறுப்பு, மலிவு நிறுவனங்கள் நிலைப்பதில்லை என்பது. ஜெட்ஸ்கோ 2005 மார்ச் 11 அன்று, பாடசாலை விடுமுறை தொடங்கும் நேரத்தில், நின்றுபோனது. லிங்ஸ் எயார் 2024 பெப்ரவரி 26 அன்றும், கனடா ஜெட்லைன்ஸ் அதே ஆண்டு ஆகஸ்டிலும் நின்றன. இந்த ஆபத்து உண்மை. ஒன்ராறியோவில் பதிவுபெற்ற பயண முகவரிடம் சீட்டு வாங்கியவருக்கு, விமான நிறுவனம் முறிந்தால், ஒன்ராறியோ பயணத்துறைச் சபையின் நட்டஈட்டு நிதியிலிருந்து ஆளுக்கு 5,000 டொலர்வரை கோர வழியுண்டு. நிறுவனத்தின் இணையதளத்தில் நேரே வாங்கியவருக்கு அது இல்லை. தமிழர் நடத்தும் பயண முகவர் நிலையங்களுக்குப் போவதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்கும் இளையவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது மறுப்பு எங்கள் வாழ்க்கையிலிருந்தே எழுகிறது. தமிழர் வெறுங்கையோடு போவதில்லை. ஊருக்குப் போகிறவர் கையில் பத்து வீட்டார் கொடுத்துவிட்ட பொதி இருக்கும். திரும்பும்போது மிளகாய்த்தூளும் மாசியும் வடகமும் வரும். அது உறவின் கடமை, அதற்கு எடைக் கணக்குப் பார்ப்பது முறையல்ல என்பார்கள். அந்த அன்பை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு வேறு விமானங்கள் இருக்கின்றன. ரொறன்ரோவிலிருந்து தென்னாசியா செல்லும் நீண்ட பயணச் சீட்டுகள் பலவற்றில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிகள் விலைக்குள்ளேயே அடங்கும். ஊருக்கான சாமான் அவற்றில் போகட்டும். கல்கரி உறவினருக்கு அனுப்பும் மிளகாய்த்தூளை 65 டொலர் கட்டி ஏற்றும்போது அந்தத் தூளின் விலை பல மடங்காகிறது. அதையே கல்கரியில் உள்ள தமிழ்க் கடையில் வாங்கிக் கொடுக்கலாம். சிக்கல் முற்றுவது இரண்டு வகைச் சீட்டுகளைத் தனித்தனியே வாங்கிச் சேர்க்கும்போதுதான். 2019இல் யாழ்ப்பாணத்தின் பலாலி பன்னாட்டு விமான நிலையமானபின் அலையன்ஸ் எயாரும், 2024 செப்டெம்பர் முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து அங்கே சிறிய ஏ.ரி.ஆர். விமானங்களை விடத் தொடங்கின. தனிச் சீட்டு என்றால் அந்தச் சிறு விமானத்தின் பொதி அளவே செல்லும். பியர்சனில் கேள்வியின்றி ஏறிய 46 கிலோ சென்னையில் மேலதிகப் பொதியாகிவிடும். அங்கே, விடியற்காலையில், வரிசையில் பின்னால் ஆட்கள் காத்து நிற்க, பெட்டியைத் தரையில் திறந்து யாருடைய பொதியை விட்டுப்போவது என்று முடிவெடுக்க வேண்டி வரும். ரெக்ஸ்டேல் வீட்டுக் குளியலறைத் தராசில் ஏற்றிப் பார்த்திருந்தால் அந்தக் கனம் முதல் நாளே தெரிந்திருக்கும்.