கோடிகளில் விலை, உரிமைக்கு 57 ஆண்டுகள்: அமெரிக்கக் கால்பந்து ஒப்பந்தங்களின் கதை

ஒவ்வொரு மார்ச் மாதமும் அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஒரே மாதிரியான தலைப்புகள் வரும். இன்ன வீரர் இத்தனை கோடி டாலருக்கு இன்ன அணிக்குப் போகிறார் என்று. அதைப் படித்த கையோடு ஒரு கேள்வியும் வரும்: இவ்வளவு சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என்ன உரிமைப் பிரச்சினை? இவர்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம்?

சம்பளத்தின் அளவை மட்டும் பார்த்தால் இது நியாயமான கேள்வி போலத்தான் தெரியும். தன் உழைப்பை யாரிடம் விற்பது என்று முடிவு செய்வது யார் என்று பார்த்தால் கதை மாறிவிடும். அந்தக் கதை கிட்டத்தட்ட 90 ஆண்டு நீளமானது. அதில் கறுப்பின வீரர்களின் பங்கு பெரியது. ஆனால் அது அதிகம் பேசப்படுவதில்லை.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அல்ல. தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, ஒருவரையொருவர் மோதி வீழ்த்தும் ஆட்டம். அதன் தொழில்முறை அமைப்பு என்.எஃப்.எல். மொத்தம் 32 அணிகள். வீரர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். அணிகளின் முதன்மை உரிமையாளர்களில் இன்றுவரை ஒரு கறுப்பர்கூட இருந்ததில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஒரே ஒரு முதலாளி

1936இல் டிராஃப்ட் என்ற முறை வந்தது. கல்லூரி முடித்து வரும் வீரர்களை அணிகள் வரிசையாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். பிலடெல்பியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல் கொடுத்த யோசனை இது. தோற்கும் அணிக்கு முதல் வாய்ப்பு, அதனால் போட்டி சமநிலையாகும் என்பது சொல்லப்பட்ட காரணம். நடைமுறையில் நடந்தது என்ன? ஒரு வீரனுக்காக இரண்டு அணிகள் போட்டி போட்டு விலை ஏற்றுவது நின்றுபோனது. உன் பெயரை எந்த அணி சொல்லியதோ அதனிடம் மட்டுமே நீ பேரம் பேசலாம். பிடிக்கவில்லையா, வேறு வேலை பார்த்துக்கொள். முதல் டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் அதைத்தான் செய்தார். அவர் என்.எஃப்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

அந்த நாட்களில் கறுப்பர்களுக்கு இந்த வாய்ப்பும் கிடையாது. 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.லில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதப்பட்ட விதி எதுவும் இருக்கவில்லை. எழுதாமலே நடந்தது. 1946இல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்து, பொதுப்பணத்தில் கட்டிய கொலிசியம் மைதானத்தைக் கேட்டது. கறுப்பினப் பத்திரிகையாளர்கள் விடவில்லை. மக்கள் வரிப்பணத்தில் கட்டிய மைதானத்தில் மக்களில் ஒரு பகுதியை ஒதுக்கிவைக்க முடியாது என்று வாதாடினார்கள். கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும் அப்படித்தான் உள்ளே வந்தார்கள். தலைநகர் வாஷிங்டன் அணி 1962 வரை பிடிவாதம் பிடித்தது. மைதானம் இருக்கும் நிலம் மத்திய அரசுடையது என்று கென்னடி அரசு நெருக்கிய பிறகே அது இறங்கிவந்தது.

போகலாம், ஆனால் போக முடியாது

உள்ளே வந்தவர்களுக்கு அடுத்த பூட்டு காத்திருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் அணி விரும்பினால் இன்னொரு ஆண்டு, 90 சதவீதச் சம்பளத்தில், வீரரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டையும் ஆடி முடித்தால் வீரர் சுதந்திரமானவர் என்று காகிதம் சொன்னது. 1962இல் ஆர்.சி. ஓவன்ஸ் என்ற வீரர் அதை நம்பி சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பால்டிமோருக்குப் போனார். அடுத்த ஆண்டே உரிமையாளர்கள் விதியை மாற்றிவிட்டார்கள். இனி ஒருவரை எடுத்துக்கொள்ளும் அணி, அவருடைய பழைய அணிக்கு இழப்பீடு தர வேண்டும். இரு அணிகளும் ஒத்துப்போகாவிட்டால் இழப்பீடு என்ன என்பதை ஆணையர் பீட் ரோசெல் முடிவு செய்வார். தங்கள் சிறந்த வீரர்களில் யாரை ஆணையர் தூக்கிக் கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் எந்த அணியும் வாய் திறக்கவில்லை.

இதற்கு ரோசெல் விதி என்று பெயர். பின்னாளில் நீதிமன்றம் எடுத்த கணக்கு இது: 1963 முதல் 1974 வரை 176 வீரர்கள் அந்தக் கடைசி ஆண்டையும் ஆடி முடித்தார்கள். அவர்களில் வேறு அணிக்குப் போக முடிந்தவர்கள் 34 பேர் மட்டுமே.

இடையில் ஒரு சிறு கதவு திறந்து மூடியது. 1960இல் ஏ.எஃப்.எல். என்ற போட்டி அமைப்பு வந்தது. 1965இல் அதன் நியூயார்க் ஜெட்ஸ் அணி ஜோ நேமத்துக்கு 4 லட்சத்து 27 ஆயிரம் டாலர் கொடுத்தது. வாங்குபவர் இரண்டு பேர் ஆனதும் விலை எப்படி எகிறுகிறது பாருங்கள். 1966இல் இரு அமைப்புகளும் ஒன்றாகச் சேர ஒப்புக்கொண்டன. அமெரிக்க நாடாளுமன்றமும் அதற்குச் சட்ட விலக்கு அளித்தது. மீண்டும் ஒரே முதலாளி.

ஜான் மேக்கி

இந்தக் கட்டத்தில்தான் ஜான் மேக்கி வருகிறார். பாதிரியாரின் மகன், பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் நட்சத்திரம், கறுப்பர். 1970இல், இணைந்த வீரர்கள் சங்கத்தின் தலைவரானார். ரோசெல் விதியை எதிர்த்துச் சங்கத்தின் ஆதரவோடு தொடரப்பட்ட வழக்கு அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஏறக்குறைய அதே நேரத்தில் பேஸ்பாலில் கர்ட் ஃப்ளட் என்ற இன்னொரு கறுப்பின வீரர், தன்னைக் கேட்காமல் தன்னை இன்னொரு அணிக்கு மாற்றியதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1972இல் தோற்றார். பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பழைய விலக்கு ஒன்று இருந்ததே காரணம். கால்பந்துக்கு அந்த விலக்கு இல்லை என்று 1957இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பில் ராடோவிச் என்ற வீரர் தொடர்ந்த வழக்கு அது. ராடோவிச் திறந்த வழியில் மேக்கி நடந்தார். 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ரோசெல் விதி சட்டவிரோதம் என்று உறுதி செய்தது.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. 1972இல் ஓய்வுபெற்ற மேக்கி தன் இடத்தில் ஆடியவர்களில் மிகச் சிறந்தவர் என்று பலராலும் மதிக்கப்பட்டவர். கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 1992இல்தான். சங்க வேலைக்காகவே இந்தத் தாமதம் என்று பலர் கருதினார்கள்.

வழக்கில் வென்றது, மேசையில் தோற்றது

நீதிமன்றத்தில் கிடைத்ததைச் சங்கம் அடுத்த ஆண்டே பேரத்தில் விட்டுக்கொடுத்தது. 1977 ஒப்பந்தத்தில் இழப்பீடு வேறு உருவில் திரும்பி வந்தது. ஆணையரின் விருப்பத்துக்குப் பதிலாக, வீரரின் சம்பளத்துக்கு ஏற்ப டிராஃப்ட் வாய்ப்புகளைப் பழைய அணிக்குத் தர வேண்டும். பழைய அணி அதே சம்பளத்தைத் தர முன்வந்தால் வீரர் போகவே முடியாது. 1988இல் வில்பர் மார்ஷல் சிகாகோவிலிருந்து வாஷிங்டனுக்குப் போனபோது, அப்படி அணி மாறியவர் 11 ஆண்டுகளில் அவர் ஒருவர்தான்.

அணிகள் ஏன் போட்டி போடவில்லை? 1961 முதல் தொலைக்காட்சிப் பணத்தை எல்லா அணிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. ஜெயித்தாலும் தோற்றாலும் வருமானம் வரும். அப்படியிருக்க, நல்ல வீரனுக்கு அதிக விலை கொடுக்க எந்த உரிமையாளருக்கு அவசரம்? முதலாளிகள் தங்களுக்குள் பங்கிட்டு வாழ்ந்தார்கள். தொழிலாளிக்கு மட்டும் போட்டிச் சந்தையின் பெருமை பற்றிப் பாடம் எடுத்தார்கள்.

1982இல் வீரர்கள் 57 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மொத்த வருமானத்தில் 55 சதவீதம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1987இல் அணி மாறும் உரிமைக்காக மீண்டும் நிறுத்தினார்கள். இந்த முறை உரிமையாளர்கள் ஒரு வாரத்தை மட்டும் விட்டுவிட்டு, கருங்காலிகளை வைத்து மூன்று வாரம் ஆட்டங்களை நடத்திக் காட்டினார்கள். தொலைக்காட்சியும் ஒளிபரப்பியது. நட்சத்திரங்கள் சிலரே மறியல் கோட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். 24 நாளில் போராட்டம் உடைந்தது. சங்கத்தை அப்போது வழிநடத்தியவர் ஜீன் அப்ஷா, அவரும் ஒரு முன்னாள் கறுப்பின வீரர். போராட்டத்தை முடித்த கையோடு அவர் மீண்டும் நீதிமன்றம் போனார்.

சங்கத்தைக் கலைத்து வென்றவர்கள்

அங்கே ஒரு விநோதமான பதில் கிடைத்தது. வீரர்களுக்குச் சங்கம் இருக்கும்வரை இது தொழிலாளர் சட்டத்தின் கீழ் பேசித் தீர்க்க வேண்டியது, ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்று 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சங்கம் இருப்பதே வழக்குக்குத் தடை! அப்படியென்றால் சங்கம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பேரம் பேசும் தகுதியை அவர்களே துறந்தார்கள். தொழிற்சங்க வரலாற்றில் இப்படியொரு உத்தி அரிது.

உரிமையாளர்கள் அப்போது பிளான் பி என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு அணியும் 37 பேரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் போகலாம். அதாவது யாருக்குச் சந்தையில் மதிப்பு இல்லையோ அவர்களுக்கே சுதந்திரம். ஃப்ரீமன் மெக்நீல் உள்ளிட்ட எட்டு வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 1992 செப்டம்பரில் மினியாபொலிஸில் எட்டுப் பெண்கள் கொண்ட நடுவர் குழு, பிளான் பி சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அடுத்து ரெஜி வைட் முதலானோர் எல்லா வீரர்கள் சார்பிலும் தொடர்ந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. 1993 மார்ச்சில் வீரர்கள் முதன்முறையாக உண்மையான ஃப்ரீ ஏஜென்ட்களாக ஆனார்கள். ரெஜி வைட் 4 ஆண்டுக்கு 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு கிரீன் பே என்ற சிறிய ஊருக்குப் போனார். பெரிய நகரங்களே எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விடும், சிறிய ஊர்கள் அழியும் என்று உரிமையாளர்கள் அதுவரை பயமுறுத்தி வந்தார்கள். 1997இல் அந்தச் சிறிய ஊர் கோப்பையை வென்றது.

1936இலிருந்து 1993 வரை, 57 ஆண்டுகள்.

சமரசம் என்றால் இரு பக்கமும் கொடுக்க வேண்டும். வீரர்கள் கொடுத்தது சம்பள உச்சவரம்பு. 1994இல் ஒரு அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்துச் செலவிடக்கூடியது 3 கோடியே 46 லட்சம் டாலர். 2025இல் அது 27 கோடியே 92 லட்சம். இதோடு ஃப்ரான்சைஸ் டேக் என்ற முறையும் வந்தது. ஒவ்வொரு அணியும் ஆண்டுக்கு ஒரு வீரரை, நல்ல சம்பளம் கொடுத்து, ஆனால் நீண்ட ஒப்பந்தம் இல்லாமல், தன்னிடமே நிறுத்திக்கொள்ளலாம். 2018இல் லெவியான் பெல் இதை ஏற்க மறுத்தார். சுமார் 1 கோடியே 45 லட்சம் டாலரை இழந்து அந்த ஆண்டு முழுவதும் வீட்டில் இருந்தார்.

தலைப்பில் உள்ள எண்

இப்போது அந்த மார்ச் மாதத் தலைப்புகளுக்கு வருவோம். 2014இல் காலின் கேப்பர்னிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 12 கோடியே 60 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. எந்த நிபந்தனையும் இல்லாமல் அவருக்கு உறுதியானது சுமார் 1 கோடியே 30 லட்சம்தான். மீதியெல்லாம் அணி அவரை வைத்துக்கொண்டால் மட்டும். பேஸ்பாலில் ஒப்பந்தம் போட்டால் பொதுவாக முழுப்பணமும் உறுதி. உடலை அதைவிட அதிகமாகச் சிதைக்கும் இந்த ஆட்டத்தில் அப்படி இல்லை. காவல்துறை வன்முறைக்கு எதிராக 2016இல் மண்டியிட்ட கேப்பர்னிக், 2017இல் ஃப்ரீ ஏஜென்ட் ஆனார். 32 அணிகளில் ஒன்றுகூட அவரை எடுக்கவில்லை. கூட்டுச்சதி என்று புகார் கொடுத்தார். 2019இல் அது இரகசிய சமரசத்தில் முடிந்தது.

இன்னொரு கணக்கு. வரம்பற்ற ஃப்ரீ ஏஜென்ட் ஆக நான்கு ஆண்டு ஆடியிருக்க வேண்டும். சங்கத்தின் கணக்குப்படி ஒரு வீரரின் சராசரி ஆட்ட வாழ்க்கை சுமார் 3.3 ஆண்டு. லீக் வேறு முறையில் கணக்கிட்டு இதைவிட நீண்டது என்கிறது. சங்கத்தின் கணக்கை எடுத்தால், சராசரி வீரர் அந்தக் கதவை அடையும் முன்பே வெளியேறிவிடுகிறார். 2011 ஒப்பந்தம் புதியவர்களின் சம்பளத்தையும் வெட்டியது. 2010இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுக்கு 7 கோடியே 80 லட்சம். அடுத்த ஆண்டு அதே இடத்தில் எடுக்கப்பட்ட கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்கு 2 கோடியே 20 லட்சம். மிச்சப்பட்ட பணம் மூத்த வீரர்களுக்குப் போகும் என்று சொன்னார்கள். மூத்தவராகும்வரை தாக்குப்பிடித்தவர்களுக்குத்தானே அது?

2022இல் டிஷான் வாட்சனுக்கு கிளீவ்லேண்ட் அணி 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்தோடு கொடுத்தது. அதே மார்ச்சில் நடந்த உரிமையாளர்கள் கூட்டத்தில், உத்தரவாதத் தொகையைக் குறைக்கும்படி லீக் நிர்வாகமே அணிகளை ஊக்குவித்தது என்று 2025 ஜனவரியில் நடுவர் ஒருவர் கண்டறிந்தார். ஆனால் அணிகள் அதன்படி கூட்டாக நடந்தன என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று புகாரைத் தள்ளினார். இந்தத் தீர்ப்பு மாதக்கணக்கில் வெளியே தெரியாமலே இருந்தது. இரகசியமாக வைக்கச் சங்கத் தலைமையும் ஒத்துக்கொண்டிருந்தது என்பதுதான் கசப்பான செய்தி.

88

ஜான் மேக்கியின் கடைசி ஆண்டுகளைச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. ஐம்பதுகளின் இறுதியில் அவருக்கு நினைவிழப்பு நோய் வந்தது. மருத்துவக் காப்பீட்டுக்காக அவர் மனைவி சில்வியா விமானப் பணிப்பெண்ணாக வேலைக்குப் போனார். லீக் ஆணையருக்கு அவர் எழுதிய கடிதத்தின் பலனாக 2007இல் ஒரு திட்டம் வந்தது. நினைவிழப்பு நோய் கண்ட முன்னாள் வீரர்களின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 88 ஆயிரம் டாலர் வரை. மேக்கியின் சட்டை எண் 88, திட்டத்தின் பெயரும் அதுவே. 2011 ஜூலையில், உரிமையாளர்களின் கதவடைப்பு முடியாமல் இருந்த நாட்களில், 69 வயதில் அவர் இறந்தார். தலையில் தொடர்ந்து அடிபடுவதால் வரும் சிதைவு அவர் மூளையில் இருந்தது பிறகு உறுதியானது.

மூளைச் சேதத்துக்கு லீக் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்ட பிறகும் நிறம் விடவில்லை. கறுப்பர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக்கொண்டு சோதனை மதிப்பெண்ணைச் சரிசெய்யும் முறை அதில் இருந்தது. அதனால் சேதத்தை நிரூபிப்பது கறுப்பின வீரர்களுக்குக் கடினமானது. இரண்டு முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடர்ந்த பிறகு 2021இல்தான் அதைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது.

ஆகவே அடுத்த முறை ஒரு வீரரின் கோடி டாலர் ஒப்பந்தம் பற்றிப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். அதில் உறுதியான பணம் எவ்வளவு? அந்த உரிமையை யார் போராடி வாங்கினார்கள்? வாங்கியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? எந்தத் தொழிலின் கூலியைப் பற்றிப் பேசினாலும் கேட்க வேண்டிய கேள்விகள்தான் இவை.