குறண்டிக் கல்லைத் தேடி

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியை ஒட்டி நிற்கிறது சமணமலை. அதன் தென்மேற்குச் சரிவில் செட்டிப்புடவு என்றொரு குகை. வாசலுக்கு இடப்பக்கம், பாறையில் பெரிதாக ஒரு தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். உள்ளே குனிந்து போய் அண்ணாந்து பார்த்தால், பாறை வளைவில் வரிசையாகச் சிறு சிற்பங்கள். சிங்கத்தின் மேலேறி, யானை மீது வருகிறவனோடு மல்லுக்கு நிற்கிறாள் ஒரு யட்சி. அவளுக்குப் பக்கத்தில் எதுவுமே நடக்காதது போல மூன்று தீர்த்தங்கரர்கள் தியானத்தில் இருக்கிறார்கள். சிற்பங்களுக்கு அடியில் வட்டெழுத்து. இவற்றை இன்னார் செய்வித்தார் என்று சொல்லும் வரிகள்.

அந்த வரிகளைப் படித்தவர்களுக்கு ஓர் ஊர்ப்பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. வெண்பு நாட்டுக் குறண்டி. இங்கும், பக்கத்தில் முத்துப்பட்டிப் பெருமாள்மலையிலும், குறண்டியைச் சேர்ந்த அஷ்டோபவாசி படாரரின் பெயரும் அவருடைய மாணாக்கர் பரம்பரையும் வருகின்றன. குணசேன தேவர், கனகவீரப் பெரியடிகள், மாகநந்தி என்று பெயர்கள் நீள்கின்றன. சுமார் 1100 ஆண்டுகளுக்கு முன் மதுரையின் மலைகளில் சிற்பம் செதுக்க ஆள் அனுப்பும் அளவுக்குக் குறண்டியில் ஒரு பெரிய சமணப் பள்ளி இருந்திருக்கிறது. திருக்காட்டாம்பள்ளி என்பது அதன் பெயர்.

சரி, குறண்டி எங்கே? மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற வழியில், ஆவியூர்ப் பக்கம். மலையும் இல்லை, குகையும் இல்லை. கரிசல் காடு, கண்மாய், கண்மாய்க்கரை ஏறிக் கிடக்கும் வேலிக்கருவை. பள்ளியைப் பற்றிப் பேசும் கல்வெட்டைப் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து தெற்கே இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். திருச்சுழியைத் தாண்டி, குண்டாற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் பள்ளிமடத்துக்கு. அங்கே காளைநாதர் என்னும் சிவன் கோயில் கட்டுமானத்துக்குள் குறண்டிப் பள்ளியின் கல்லும் சேர்ந்து நிற்கிறது.

மலையில் ஒரு குறிப்பு, அது காட்டும் ஊரில் வெறும் காடு, விடை மூன்றாவது ஊரில். ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் கொண்டு தேடும், விடுமுறை நாள்களில் உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் ஆடுகிற ஜியோகேச்சிங் ஆட்டத்தில் இதே வகை உண்டு. முதல் டப்பாவைத் திறந்தால் அடுத்த டப்பாவின் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும் இருக்கும். அங்கே போனால் இன்னொன்று.

அந்த ஆட்டத்துக்கு வயது அதிகமில்லை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை, அமெரிக்க ராணுவம் தன் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் பிசகாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. கையில் கருவி இருந்தாலும் ஒரு கால்பந்து மைதான அளவுக்குள் எங்கோ நிற்கிறோம் என்றுதான் தெரியும். மே முதல் தேதி இரவு பில் கிளின்டன் அரசு அந்தப் பிசகை எடுத்துவிட்டது. மே 3 அன்று ஒரேகான் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து, இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் வெளியிட்டார். வாளிக்குள் புத்தகம், மென்பொருள், கவண், ஒரு டப்பா அவரை. மூன்று நாளைக்குள் ஒருவர் தேடிப் போய்க் கண்டெடுத்தார். எதையாவது எடுத்தால் எதையாவது வை, நோட்டில் பெயர் எழுது, இருந்த இடத்திலேயே திரும்ப வை: சட்டம் அவ்வளவுதான். இதற்கும் முன்னோடி உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854-இல் கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்து, அந்த இடம் வரை நடந்து வருகிறவர்கள் தங்கள் முகவரிச் சீட்டைப் போடச் செய்தார்.

நம் ஊரில் டப்பா வைப்பது கொஞ்சம் வில்லங்கம். கேட்பாரற்ற பெட்டியைக் கண்டால் வெடிகுண்டு நிபுணர்கள்தான் முதலில் வருவார்கள். இங்கிலாந்தின் வெதர்பி நகரிலேயே 2011-இல் அப்படி நடந்தது. ஆனால் திருச்சுழிச் சீமையில் புதிதாக எதையும் ஒளித்து வைக்க வேண்டிய அவசியமில்லை. இடத்தைக் குறித்து வைப்பதும் அதைத் தேடிப் போவதும் இங்கே பழைய பழக்கம்.

பாண்டிய, சோழ மன்னர்கள் நிலம் கொடுத்தபோது எல்லை காட்டிய முறையைச் செப்பேடுகள் விரிவாகச் சொல்கின்றன. பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றி வந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். கள்ளி பட்டுப்போனாலும் கல் நிற்கும். கல்லைப் பிடுங்கினாலும் கள்ளி துளிர்க்கும். மழை பொய்க்கிற நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சர்வே எது? சிவன் கோயில் நிலம் என்றால் கல்லில் சூலம், பெருமாள் கோயில் நிலம் என்றால் சக்கரம், சமணப் பள்ளி நிலம் என்றால் முக்குடை. எழுத்துத் தெரியாதவரும் யார் நிலம் என்று படித்துவிடலாம். தென்மாவட்டங்களில் வயல்வரப்பிலும் கண்மாய்க்கரையிலும் இப்படிப்பட்ட கற்கள் இன்னும் தென்படுகின்றன. பல ஊர்களில் அவற்றுக்குப் பொட்டு வைத்து, துணி கட்டி, சாமியாக்கிவிட்டார்கள். அதனாலேயே தப்பித்த கற்கள் அதிகம்.

வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு யானைக்குப் பதில் தியோடலைட் என்ற கோணமளக்கும் கருவி வந்தது. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண சர்வே, தெற்கே வரும்போது உயரம் கிடைக்காத சமவெளியில் கோயில் கோபுரங்களின் மேல் ஏறியது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் கருவியை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்த கதை பிரசித்தம். அவர்கள் அளந்தது நிலத்தை. நிலத்தின் மேல் எழுதப்பட்டிருந்ததைத் தேட வேறு ஆட்கள் வரவேண்டியிருந்தது.

1882-இல் ராபர்ட் சிவெல் சென்னை மாகாணத்தின் பழஞ்சின்னங்களைத் தாலுகா வாரியாகப் பட்டியல் போட்டு அச்சிட்டார். அப்போது திருச்சுழி மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் பிறந்ததும் அதற்குள் போனது. 1985-இல் அந்த மாவட்டம் பிரிந்தபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பங்காயிற்று. பழைய அறிக்கையில் ஒரு கல்வெட்டின் விலாசத்தைப் பார்த்துவிட்டு இன்றைய ராமநாதபுரத்தில் போய் நின்றால் அது கிடைக்காது. கல் நகரவில்லை, மாவட்டம் நகர்ந்துவிட்டது.

சென்னைக் கல்வெட்டுத் துறையினர் பள்ளிமடத்துக்கு வந்து படியெடுத்தது 1914-இல். படியெடுப்பது பார்க்க எளிது, செய்யச் சிரமம். கல்லை நாரால் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன் மேல் விரித்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்க வேண்டும். தாள் முழுக்கக் காய்வதற்குள் மைப்பொதியால் ஒற்ற வேண்டும். கறுத்த தாளில் எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்து வரும். சித்திரை வெயிலில் தாள் சீக்கிரம் காய்ந்து பிரிந்துவிடும், காற்றடித்தால் பறந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். குண்டாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு.

அப்படி எடுத்த படிகள் ஆண்டறிக்கையில் சுருக்கமாக இடம்பெற்றன. பாண்டியர் கல்வெட்டுகளின் முழு வாசகத்தோடு தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியின் 14-ஆம் புத்தகம் வெளிவந்தது 1962-இல். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு காத்திருப்பு.

அந்தக் கல்வெட்டுகள் சொல்லும் செய்தி சாதாரணமானதல்ல. பருத்திக்குடி நாட்டில் இருந்த இந்தக் கோயிலுக்குச் சுந்தரபாண்டிய ஈஸ்வரம் என்று பெயர். இது ஒரு பள்ளிப்படை, அதாவது இறந்துபோன அரச குலத்தவர் நினைவாக எழுப்பிய கோயில். சோழன் தலை கொண்டவன் என்று பட்டம் சூடிக்கொண்ட வீரபாண்டியன் காலத்துக் கொடைகள், அதாவது 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, இங்கே பதிவாகியிருக்கின்றன. நடுவே, சற்றும் சம்பந்தமில்லாமல், குறண்டித் திருக்காட்டாம்பள்ளிக்குத் தந்த கொடையைப் பேசும் கல். எழுதப்பட்ட இடம் இது அல்ல என்பதை அந்தக் கல்லே சொல்கிறது.

சமணப் பள்ளியை இடித்துச் சைவர்கள் கோயில் கட்டினார்கள் என்று இதை ஒரே வரியில் முடித்துவிட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். செதுக்கி முடித்த நல்ல கல்லை யாரும் வீணாக விடுவதில்லை. கைவிடப்பட்ட கட்டடத்தின் கல் மாட்டுவண்டியேறி இன்னொரு திருப்பணிக்குப் போவது தமிழ்நாடு முழுக்க நடந்திருக்கிறது. சிவன் கோயில் கல் சிவன் கோயிலுக்கே தலைகீழாகப் போயிருக்கிறது. இந்தச் சீமையில் சமணம் ஒரேயடியாக அழிந்துவிடவும் இல்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் கோவிலாங்குளத்தில் தீர்த்தங்கரர் சிலைகளை ஊர்மக்கள் தங்கள் சாமியாகவே கும்பிட்டு வந்திருக்கிறார்கள். அங்குள்ள குலோத்துங்க சோழன் காலக் கல்வெட்டு, சமணக் கோயில் எழுப்பியதையும் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்ததையும் சேர்த்தே சொல்கிறது.

கல்லைத் தேடி வந்தவர்களில் இன்னொரு ரகம் உண்டு: புதையல் ஆசாமிகள். கல்லில் எழுத்து இருந்தால் அது புதையலுக்கான குறிப்பு, நந்திக்கு அடியில் பொன் இருக்கும் என்ற நம்பிக்கை கிராமங்களில் இன்னும் சாகவில்லை. அமாவாசை இரவில் தோண்டிப் பார்த்து, நடுகல்லைச் சாய்த்துவிட்டுப் போகிறவர்களால் அழிந்தது கொஞ்சமல்ல. இத்தனைக்கும் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கல்வெட்டில் இருப்பதோ பெரும்பாலும் இன்ன விளக்குக்கு இத்தனை ஆடு, இன்ன நிலத்துக்கு இத்தனை காசு என்ற கணக்கு. தோண்டியவர் படித்திருந்தால் மண்வெட்டியைக் கீழே போட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைத் தேடல் ஒரு பழக்கமாக மாறியது அண்மையில்தான். யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்தை எதிர்த்து ஒத்தக்கடைப் பக்கத்து மக்கள் போராடிய சூட்டில், எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முயற்சியில் 2010-இல் மதுரையில் பசுமை நடை தொடங்கியது. விடியற்காலையில் மலையடிவாரத்தில் கூடுவது, ஏறுவது, தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் பாறை எழுத்தைப் படித்துச் சொல்லக் கேட்பது, இறங்கி வந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். செட்டிப்புடவைப் பார்க்க இன்று சாதாரண மனிதர்கள் ஏறுகிறார்கள் என்றால் அதில் இந்த நடைக்குப் பெரும்பங்கு இருக்கிறது.

திருச்சுழிக்கு அந்தக் கூட்டம் இன்னும் வரவில்லை. வருகிறவர்கள் ரமண மகரிஷிக்காக வருகிறார்கள். 1879 டிசம்பர் 30 அன்று அவர் பிறந்த வீடு, சுந்தர மந்திரம், திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தியானத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, சுந்தரர் பாடிய கோயிலில் கும்பிட்டுவிட்டு, கார் ஏறிவிடுகிறார்கள். ஆற்றைத் தாண்டினால் பள்ளிமடம் என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு பலகைகூட இல்லாவிட்டால் குற்றம் அவர்கள் மேல் இல்லை.

மதுரையிலோ விருதுநகரிலோ இருப்பவர்களுக்கு இது ஒரு நாள் பயணம். காலையில் செட்டிப்புடவு, வழியில் குறண்டி, வெயில் சாய்ந்ததும் பள்ளிமடம். ஜியோகேச்சிங் ஆடுகிறவர்களிடமிருந்து ஒரு சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்: கண்டதை இருந்த இடத்திலேயே விடுவது. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணாம்பையோ மைதா மாவையோ எண்ணெயையோ கல்லில் பூச வேண்டாம். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது போனால் எழுத்து தானே தெரியும். வரப்பிலோ கண்மாய்க்கரையிலோ இதுவரை யாரும் சொல்லாத கல் தட்டுப்பட்டால், செல்போனில் இடக்குறிப்போடு படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ தெரிவியுங்கள்.