சத்தியவேட்டுச் சமவெளியில் இரவு தங்கியவர்கள்

மேற்கே நாகலாபுரம் மலை, கிழக்கே பழவேற்காடு ஏரி, நடுவே ஆரணியாறு பாயும் தட்டை நிலம்; ஏரிகளும் பனைகளும் முட்புதர்களுமாக விரியும் அந்தச் சமவெளியில் இருக்கிறது சத்தியவேடு. சென்னையிலிருந்து வார இறுதியில் கூடாரம் போட்டுத் தங்க இடம் தேடுகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்புவதற்கு முதற்காரணம், இங்கே ஆளும் இல்லை, சத்தமும் இல்லை என்ற நினைப்பு. சத்தம் குறைவு என்பது சரி. ஆனால் இது யாருமற்ற வெற்று நிலம் என்று எண்ணினால் இந்த வட்டாரத்தின் வரலாறு புரியாது. வெளியூர்க்காரர் ஒருவர் இங்கே வானத்தைப் பார்த்தபடி ஓர் இரவைக் கழிக்க முடிந்ததற்கு அவர் கொண்டுவந்த துணியும் கயிறும் சிறு காரணம்தான். பொது நிலமும், அதைக் காத்து நின்ற ஊர் ஏற்பாடுமே பெரிய காரணம்.

இதற்கு நல்ல சாட்சி ஏனுகுல வீராஸ்வாமி. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த இவர், 1830 மே 18 அன்று காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் ஊர் திரும்பினார். திருப்பதி, கடப்பை, அகோபிலம், ஸ்ரீசைலம், ஐதராபாத் என்று போனது வழி. பல்லக்கு, கூடாரம், ஏறக்குறைய நூறு பேர் கொண்ட பரிவாரம் என வசதிக்குக் குறைவில்லை. வழியில் எழுதிய குறிப்புகளை நண்பர் கோமளேஸ்வரன்பேட்டை சீனிவாசப் பிள்ளைக்கு அனுப்பினார். பிள்ளை அவற்றை 1838இல் 'காசி யாத்திரை சரித்திரம்' என்ற தெலுங்கு நூலாக அச்சிட்டார். பக்தி நூல் என்று நினைத்து அதைத் திறப்பவர் பக்கத்துக்குப் பக்கம் காண்பது வேறு: எந்த ஊரில் நல்ல தண்ணீர், எங்கே கடையில் அரிசி கிடைக்கும், எங்கே சத்திரம், எங்கே இறங்கித் தங்க நிழலும் இடமும் உண்டு என்ற விவரங்கள். பின்னால் வருகிறவர்கள் திட்டமிட உதவும் கையேடு அது. கூடாரத்தை எப்படிக் கட்டுவது என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. தண்ணீரும் இடமும் ஊராரின் ஒத்துழைப்புமே ஒவ்வொரு நாளையும் தீர்மானித்தன.

நூறு பேரை ஒரு கிராமம் ஓர் இரவு தாங்கிக்கொண்டது எப்படி? யாருடைய பட்டாவிலும் அடங்காத நிலம் ஊருக்குள் இருந்தது. ஏரிக்கரை, மந்தைவெளி, களம், சாலையோரத் தோப்பு, குளம், சாவடி, சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் என்று வழிநடைக்காரருக்குத் தேவையானவை பலவும் தருமமாக விட்டவையாகவோ ஊர்ப் பொதுவாகவோ இருந்தன. திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் நிறைந்த வட்டாரம் இது. புரட்டாசிக் கூட்டத்துக்குத் தோப்பில்தான் படுக்கை, குளத்தங்கரையில்தான் அடுப்பு. இரவுக் காவலுக்குத் தலையாரி, அடுத்த ஊர்வரை வழிகாட்ட ஆள் என்பதெல்லாம் கிராம ஊழியத்தில் சேர்ந்தவை. ஆட்டிடையர்கள் இதே ஏற்பாட்டின் இன்னொரு முகம். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு, இரவெல்லாம் மந்தையோடு அங்கேயே படுப்பார்கள். எரு நிலத்துக்கு, தானியம் இடையருக்கு. திறந்த வெளியில் தங்குவதை இங்கே முழுநேரத் தொழிலாகச் செய்தவர்கள் அவர்களே. அவர்கள் போகும் தடமும் தங்கும் மாதமும் ஊரோடு பேசி முடிவானவை.

இப்படிச் சொன்னால் பழங்காலத்தை மெழுகிக் காட்டுவதாக ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானது. சத்திரத்தில் எல்லாச் சாதிக்கும் ஒரே திண்ணை கிடைக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே குளத்தில் தண்ணீர் கிடைக்கவில்லை. கலெக்டரும் தாசில்தாரும் ஊர் ஊராகச் சென்று முகாமிட்டபோது விறகும் பாலும் கோழியும் வைக்கோலும் சேர்த்துத் தரும் சுமை கிராமத்தின் தலையில்தான் விழுந்தது. இந்தியா முழுவதும் இருந்த குறை இது. குமாவோன் மலைப்பகுதியில் அதிகாரிகளின் மூட்டை சுமக்கும் கட்டாய ஊழியத்தை எதிர்த்த மக்கள், 1921 ஜனவரியில் பாகேஸ்வரத்தில் கூலிப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தார்கள். நம் மாகாணத்தில் வரி வசூலில் நடந்த கொடுமைகளை விசாரிக்க ஒரு கமிஷனே அமைந்து, 1855இல் அறிக்கை தந்தது. ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்தை உடைக்கவில்லை, பலப்படுத்துகிறது. அதிகாரியின் கூடாரமும் கிராமத்தைச் சார்ந்தே நின்றது. யாத்திரிகருக்குத் தருமமாகக் கிடைத்ததை அவர் அதிகாரத்தால் பெற்றார், அவ்வளவுதான் வேறுபாடு. இரண்டிலும், யாருக்கு எவ்வளவு இடம் என்பதைத் தீர்மானித்தது வந்தவரின் சாமான் அல்ல.

ஏற்பாடு குலைந்தது நிலத்தை வகைபிரித்தபோது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மலையடிவாரக் காடுகளைக் காப்புக்காடாக்க வழிசெய்தது. மேய்ச்சலும் விறகும் அனுமதிக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டன. எஞ்சியது பட்டா, அல்லது புறம்போக்கு. பிறகு ஆட்சி எல்லையும் மாறியது. 1960 ஏப்ரல் 1 அன்று, ஆந்திரத்துடனான எல்லைத் தகராறில் வந்த படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. திருத்தணிக்காக ம.பொ.சி. நடத்திய போராட்டத்தைப் பேசுகிற அளவுக்கு இந்தக் கைமாற்றத்தை நாம் பேசுவதில்லை. 2008இல் சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் தொடங்கியது. 2022 ஏப்ரலில் சத்தியவேடு புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. மாவட்டப் பெயர் மாறுவதால் தோப்பு அழியாது. நிலத்தின் வகை மாறினால் அழியும்.

இன்னொரு மறுப்பும் உண்டு: யாத்திரை வேறு, கிடை வேறு, இன்பத்துக்காகக் கூடாரம் போடுவது முற்றிலும் புதிது, இதற்கு உள்ளூர் வரலாறு எதற்கு? நோக்கம் புதிதுதான், தேவை பழையது. இதே வட்டாரத்தில் தெற்கே, கொற்றலையாற்றங்கரை அத்திரம்பாக்கத்தில், ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863இல் கற்கருவிகளைக் கண்டார்கள். சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது சொல்கிறது. அந்த மனிதர்களும் தண்ணீரையும் கல்லையும் பார்த்தே இடம் தேர்ந்தார்கள். நிலத்தடியைப் படிக்க வந்த புவியியலாளர்களும் இங்கே அலைந்தே தம் வேலையைச் செய்தார்கள். இவ்வட்டாரப் பாறைப் படிவு ஒன்றுக்குச் சத்தியவேட்டின் பெயரே நிலைத்திருக்கிறது. கல்லையும் தண்ணீரையும் தேடிய காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையே புதிதாக வந்தது ஒன்றே: தங்கும் இடத்துக்கு இப்போது உரிமைக்காரர் உண்டு, கேட்காமல் இறங்க முடியாது.

ஆகவே இங்கே தங்கத் திட்டமிடுகிறவர் மலைப்பக்கம் போவதானால் வனத்துறையிடம் அனுமதி பெற வேண்டும். சமவெளி என்றால் ஊரில் கேட்க வேண்டும். ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது அதைவிடப் பெரிது. பொது நில ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில், ஜக்பால் சிங் வழக்கில், எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. மந்தைவெளி, தோப்பு, குளம் ஆகியவற்றில் தங்கள் கிராமக் கணக்கில் இன்னும் எவை பொதுவாகப் பதிவாகியிருக்கின்றன என்று ஒவ்வொரு பஞ்சாயத்தும் பார்த்து, அவற்றுக்கு எல்லைக்கல் நட வேண்டும்.